தோற்றவன் எழுந்திரிக்க வேண்டும்

லீசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர் யாராக இருந்தாலும் 1500 என்ற எண்ணை முதலிலேயே கையில் கொடுத்துவிடுகிறார்கள். குதிரை எப்படித் தாவும் என்று நேற்றுத்தான் கற்றுக்கொண்டவருக்கும் 1500, மாநிலப் போட்டியில் கோப்பை வாங்கியவருக்கும் அதே 1500. எண்ணை ஒட்டி ஒரு கேள்விக்குறி இருக்கும். ஆள் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் ஆட்டங்கள் ஆடியதும் அது உதிர்ந்துவிடும். அதன் பிறகு உங்கள் எண்ணுக்குப் பக்கத்து எண்ணில் இருக்கிறவரைத்தான் எதிரே கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். நீங்கள் தேறினால், வருகிறவரும் அதே அளவுக்குத் தேறியவராகவே வருவார். ஆக, 1100இல் கிடந்தபோதும் ஆடியதில் பாதி தோல்வி, 1700க்கு ஏறிய பிறகும் பாதி தோல்வி. இடையில் எவ்வளவு படித்தோம், எத்தனை ராத்திரி கண்விழித்தோம் என்பதற்கெல்லாம் வெற்றி தோல்விப் பட்டியலில் சாட்சி கிடையாது.

இந்தக் கணக்கைப் போட்டுக்கொடுத்தவர் அர்பாட் எலோ. ஹங்கேரியில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா போய், மில்வாக்கியில் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். செஸ்ஸும் நன்றாக ஆடுவார். அவருடைய முறையை அமெரிக்கச் செஸ் கூட்டமைப்பு 1960இலும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் ஏற்றுக்கொண்டன. இருவருக்கும் 200 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே இருப்பவர் நூற்றுக்கு 76 எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். 400 வித்தியாசம் என்றால் 91. சமமென்றால் ஐம்பதுக்கு ஐம்பது. பின்னால் மார்க் கிளிக்மன் என்ற புள்ளியியலாளர், எண்ணை மட்டும் சொன்னால் போதாது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று கிளிக்கோ முறையைக் கொண்டுவந்தார். லீசெஸ்ஸில் இருப்பது அதன் இரண்டாம் வடிவம். அந்தக் கேள்விக்குறி அவர் உபயம்.

எலோ செய்தது ஓர் அளவுகோல். வாரக் கடைசியில் ஏதோ ஓர் ஊரில் போட்டி நடக்கும், வந்தவர்கள் வந்தவர்களோடு மோதுவார்கள், முடிந்த பிறகு யார் எவ்வளவு என்று அது அளந்து சொல்லும். அங்கே தேறியவன் தேறாதவனை வரிசையாக அடித்துக்கொண்டே போவான். அவன் தேறியது ஊருக்கே தெரியும். பிரவுசர் விளையாட்டுகள் அந்த அளவுகோலை எடுத்துத் தரகு வேலைக்கு வைத்துக்கொண்டன. ஆட்டத்துக்கு முன்பே அளந்துவிட்டுச் சமமான இருவரைக் கோத்துவிடுவது. கணக்கு அதேதான், ஆடுகிறவன் அனுபவம் மட்டும் வேறாகிவிட்டது. எவ்வளவு தேறினாலும் தேறிவிட்டதாகத் தோன்றாத ஓர் இடத்தில் அவன் நிரந்தரமாக நிற்கிறான். குறையாகச் சொல்லவில்லை. சமமானவனோடு ஆடுவதில்தான் ருசி என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த ருசிக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று யோசிக்கலாம் அல்லவா?

மாறுவது தோற்கும் விதம். 1100இல் ராணியை ஓசியில் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டாவது மூவிலேயே கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடலாம். 1700இல் அப்படி நடக்காது. நாற்பது மூவ் ஒழுங்காக ஆடி, ஒரு சிப்பாயும் கூடுதலாக வைத்துக்கொண்டு, யானை முடிவாட்டத்துக்குப் போய், ராஜாவை ஒரே ஒரு கட்டம் தப்பான பக்கம் நகர்த்தித் தோற்கிறோம். முந்தைய தோல்வியை மறுநாள் யாரிடமாவது சொல்லிச் சிரிக்கலாம். பிந்தையதை வீட்டில் யாரிடமும் விளக்கக்கூட முடியாது. 'ஒரு கட்டம்தானே' என்பார்கள்.

எங்கள் தலைமுறைக்கு இந்தப் பிரவுசர் விளையாட்டு பிரவுசிங் சென்டரில் ஆரம்பித்தது. பிளைவுட் தடுப்பு, ஓரத்தில் மின்விசிறி, வெளியே நோட்டில் நேரம் எழுதும் பையன். யாஹூ கேம்ஸில் ஓர் அறைக்குள் போனால் வரிசையாக மேஜைகள் இருக்கும். காலி நாற்காலியில் உட்காரலாம், உட்காராமல் வேடிக்கையும் பார்க்கலாம். மணிக் கணக்கில் காசு என்பதால் தோற்ற ஆட்டமும் பணம் கொடுத்து வாங்கிய ஆட்டம்தான். 2016இல் யாஹூ அந்தக் கடையை மூடியது. 2020 கடைசியில் ஃபிளாஷும் போய்ச் சேர்ந்தது. அதோடு ஒரு பெரிய கூட்டம் விளையாட்டுகளும் போயின. எஞ்சியவையும் புதிதாக வந்தவையும் வேறு நுட்பத்தில் ஓடுகின்றன. ஒரு குணம் மட்டும் மாறவில்லை. இவற்றை எதிலும் நிறுவ வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கல்லூரி லேபிலும், அலுவலகக் கணினியிலும், அத்தை வீட்டு லேப்டாப்பிலும் ஓடும். வார்டன் வந்தால் டேபை மூடிவிடலாம். எப்போதுமே வேறு ஏதோ வேலைக்கென்று ஒதுக்கிய நேரத்தில், இரவல் இயந்திரத்தில் ஆடப்படுகிற விளையாட்டுகள் இவை. நிதானமாக உட்கார்ந்து கற்றுக்கொள்வதற்கு இதைவிடத் தோதில்லாத சூழல் கிடையாது.

கேரம் மன்றத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு விதி தெரிந்திருக்கும்: தோத்தவன் எந்திரி. ஒரே போர்டு, சுற்றி எட்டுப் பேர். ஜெயித்தவன் உட்கார்ந்தே இருப்பான். தோற்றவன் சுவரோரப் பெஞ்சுக்குப் போய்த் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பெஞ்சில்தான் பாதிப் படிப்பு. நம்மைத் தோற்கடித்தவன் இன்னொருவனை எப்படித் தோற்கடிக்கிறான் என்று பார்ப்போம். ரெட்டைப் போட்டதும் ஃபாலோவுக்கு எந்தக் காயை முன்பே ஒதுக்கி வைத்திருந்தான் என்பது ஆடும்போது தெரியாது, பெஞ்சிலிருந்து தெரியும். ஸ்டிரைக்கரை வைத்துவிட்டு அவன் மூச்சை எங்கே நிறுத்துகிறான் என்பதுகூடத் தெரியும். யாரும் சொல்லித்தந்ததில்லை. சும்மா உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான்.

லீசெஸ்ஸில் ஆட்டம் முடிந்ததும் திரையோரத்தில் பொத்தான்கள் வருகின்றன. மறு ஆட்டம், புதிய எதிராளி. அவற்றோடு ஆட்டத்தை அலசிப் பார்க்கும் பலகைக்குப் போகிற வழியும் உண்டு. தோற்றுவிட்டோம் என்று மனதுக்கு உறைப்பதற்கு முன்பே விரல் 'புதிய எதிராளி'யை அமுக்கிவிடுகிறது. இரண்டு மூன்று விநாடியில் உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஒருவர் வந்துவிடுகிறார். இங்கே தோற்றவன் எழுந்திரிக்க வேண்டியதில்லை, காசும் ஆவதில்லை. விளம்பரம் இல்லாமல், கட்டணம் இல்லாமல், தீபோ துப்ளெசி என்ற பிரெஞ்சுக்காரர் 2010இல் தொடங்கி இன்று லாபநோக்கற்ற அமைப்பாக நடக்கும் தளம் அது. நம்மைப் பிடித்து வைத்து அவர்கள் சம்பாதிக்க ஒன்றுமில்லை. அப்படியும் பெஞ்சு இல்லை. காண்டாகி ஆடுவது என்று பையன்கள் சொல்கிற நிலை இங்கேதான் பிறக்கிறது: முந்தைய ஆட்டத்தின் எதிரியை இந்த ஆட்டத்தில் தேடுவது. இந்த ஆட்டத்தில் இருப்பவருக்கு அது எதுவும் தெரியாது. அவர் பாட்டுக்கு நம் பதற்றத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு ஜெயித்துவிட்டுப் போகிறார்.

ஆட்டத்தை அலச இயந்திரம் இருக்கிறதே என்பார்கள். ஸ்டாக்ஃபிஷ் பிரவுசருக்குள்ளேயே ஓடுகிறது. எந்த மூவ் சறுக்கல், எது தப்பு, எது படுமோசம் என்று நிறம்போட்டுக் காட்டிவிடும். ஆனால் அது காட்டுவது எந்த மூவ் கெட்டது என்பதை. அது நமக்கு ஏன் நல்லதாகத் தோன்றியது என்பது அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க இயந்திரத்தைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருந்து, எங்கே கோட்டை விட்டோம் என்று நாமே சொல்லிப் பார்க்க வேண்டும். தேர்ச்சி என்று ஒன்று இருந்தால் அது இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் நடக்கிறது என்பது என் கட்சி. அந்த நடுவைத்தான் இந்த விளையாட்டுகள் இல்லாமல் செய்துவிட்டன.

எண்ணே இல்லாத ஆட்டமும் உண்டு. 2015 ஏப்ரலில் மாத்தேயுஸ் வலடாரெஸ் என்ற பிரேசில் இளைஞர், வயது பத்தொன்பது, அகார் ஐஓ என்று ஒன்றை எழுதி வெளியிட்டார். கிருமி வளர்க்கும் ஆய்வகத் தட்டில் ஊற்றுகிற அகார்தான் பெயருக்கு மூலம். நோன்பு நாட்களில் பால் ஊற்றிக் காய்ச்சி வில்லை போடுகிற கடல்பாசி அதுதான். ராமநாதபுரம் கரையோரத்துப் பெண்கள் கடலில் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பதும் அதைத்தான். விளையாட்டில் நீங்கள் ஒரு வட்டம். சிதறிக் கிடக்கும் புள்ளிகளைத் தின்று பெருக்க வேண்டும், உங்களைவிடச் சிறிய வட்டத்தைத் தின்னலாம், பெரியது உங்களைத் தின்னும். ஒரு பெயரைத் தட்டினால் உள்ளே போய்விடலாம். செத்தால் மறுபடி பொடி வட்டம். நேற்று நீங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது இன்று யாருக்கும் தெரியாது.

சின்னப் பிள்ளை விளையாட்டு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆடிப் பார்த்தால் முதலில் ஏமாற்றுவது நம் கண். வட்டத்தின் எடை பரப்பில் இருக்கிறது. நாம் பார்ப்பது அகலத்தை. ஒன்றைப்போல் இரண்டு மடங்கு எடையுள்ள வட்டம் அதைவிட 1.4 மடங்குதான் அகலமாகத் தெரியும். இன்னொருவரைத் தின்ன அவரைவிடக் கால் பங்காவது கூடுதல் எடை வேண்டும் என்பது ஆடுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நம் வட்டம் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி சீறிப் பாயும். துரத்திப் பிடிக்க முடியாததை அப்படித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் பாய்வது பாதி எடைதான். ஆக இரையைப்போல் இரண்டரை மடங்கு இருந்தால்தான் பாய்ச்சல் பலிக்கும். அகலத்தில் பார்த்தால் இரை நம்மில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகத் தெரிய வேண்டும். புதியவர் இதைவிடப் பெரிய இரைக்கு ஆசைப்பட்டுப் பாய்வார். பாய்ந்த பாதி திரும்ப ஒட்டுவதற்கு அரை நிமிடமாவது ஆகும். அந்த அரை நிமிடம் இரண்டு அரைகுறைகளாக மைதானத்தில் அலைவார். பக்கத்தில் எங்கோ ஒரு பெரிய வட்டம் இதற்காகவே மெதுவாக வந்துகொண்டிருக்கும்.

அந்த மெதுவும் கவனிக்க வேண்டியது. பெருக்கப் பெருக்க வேகம் குறையும், எடையும் தானாகக் கரையும். பச்சை நிறத்தில் முள்முள்ளாக வைரஸ்கள் கிடக்கும். சின்ன வட்டம் அதன் அடியில் ஒளிந்துகொள்ளலாம், பெரியது மோதினால் பல துண்டாகச் சிதறும். துரத்துகிறவனை வைரஸ் பக்கம் இழுத்துக்கொண்டு போவது முதல் பாடம். அடுத்து, டபிள்யூ விசையைத் தட்டித் தன் உடம்பிலிருந்து துணுக்குகளை வைரஸுக்கு ஊட்டுவது. ஏழு துணுக்கு உள்ளே போனால் புது வைரஸ் ஒன்று தெறித்துக் கிளம்பும், ஊட்டிய திசையிலேயே நேராக. அந்தக் கோட்டில் பெரிய வட்டம் ஒன்று நின்றால் அதன் கதை முடிந்தது. தன் எடையைச் செலவு செய்துதான் இதைச் செய்ய முடியும். எதிரி அங்கேயே நிற்பான் என்று முன்கூட்டி நம்பியும் ஆக வேண்டும். ஆறு துணுக்கு ஊட்டியாகிவிட்டது, எதிரி இன்னும் கோட்டுக்கு வரவில்லை, ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற அந்தச் சில விநாடிகளுக்காகவே இந்த விளையாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதே துணுக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு துணுக்கைத் தட்டிவிட்டு மவுஸை இடவலமாக ஆட்டினால் 'நான் உன்னைத் தின்ன மாட்டேன்' என்று சைகை. அவரும் ஆட்டினால் உடன்படிக்கை ஆயிற்று. தனியாள் ஆட்டம் என்றுதான் பலகையில் எழுதியிருக்கும். இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டால் தனியாள் எவனாலும் எதிர்த்து நிற்க முடியாது. பேச்சு வசதி இல்லாத இடத்தில் ஆட்கள் தாமாக உண்டாக்கிக்கொண்ட மொழி அது, அதில் துரோகமும் சரளமாக நடக்கும். விரல் வேகத்தில் தேர்ந்தவர்களைவிட யாரை எத்தனை நிமிடம் நம்பலாம் என்று தெரிந்தவர்களே பட்டியலில் மேலே இருந்தார்கள். இதையும் தேர்ச்சி என்று சொல்வதா என்று எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு.

நாற்பதைத் தாண்டியவன் இந்தப் பையன்களோடு போட்டி போட முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சில எண்கள் சொல்லலாம். கண்ணில் ஒன்று பட்டுக் கை அசைய மனிதனுக்குக் கால் விநாடியை ஒட்டி ஆகும். லீசெஸ் சர்வர்கள் பிரான்ஸில் இருக்கின்றன. சென்னைக்கும் பாரிசுக்கும் நேர்கோட்டில் சுமார் 8,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப 80 மில்லி விநாடி, அதுவும் கேபிள் வளையாமல் நெளியாமல் போனால். கடலுக்கடியில் அப்படிப் போவதில்லை. லீசெஸ் இந்தத் தாமதத்தைக் கடிகாரத்தில் ஓரளவு கழித்துக்கொடுக்கிறது. ஓடித் துரத்தும் ஆட்டங்களில் அப்படிக் கழிக்க வழியில்லை. அவை சர்வரோடு பேசுவது வெப்சாக்கெட் வழியாக. அனுப்பிய பொட்டலங்கள் அனுப்பிய வரிசையிலேயே போய்ச் சேர வேண்டும் என்பது அதன் அடியில் இருக்கும் விதி. ஒன்று வழியில் தொலைந்தால், அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்தவை வாசலில் நிற்கும். லேக் அடிக்குது என்கிறோமே, அப்போது வட்டம் அப்படியே உறைந்து, திடீரென்று வேறோர் இடத்தில் குதித்து நிற்பது அதனால்தான். ஆக, நாம் பார்த்துக்கொண்டிருப்பது எப்போதும் கொஞ்சம் பழைய திரை. பார்த்த பிறகு கை அசைக்கிறவன் வாலிபனானாலும் கிழவனானாலும் பிந்தியவனே. நடக்கப்போவதை முன்பே பார்த்தவனுக்கு விரல் வேகம் ஒரு பொருட்டில்லை.

முன்பே பார்ப்பது என்றால் என்ன? டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட், தானும் நல்ல செஸ் வீரர், 1946இல் வெளிவந்த ஆய்வில் வல்லுநர்களைச் சத்தமாக யோசிக்கச் சொல்லிக் கேட்டார். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக ஆழம் போய்க் கணக்குப் போடவில்லை. சரியான இடத்தை முதல் பார்வையிலேயே பார்த்தார்கள். 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இதை இன்னும் கூராகக் காட்டினார்கள். உண்மையான ஆட்டத்து நிலையை ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்தால் மாஸ்டர் பெரும்பாலான காய்களைத் திரும்ப வைத்துவிடுகிறார். அதே காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டினால் அவரும் நம்மைப் போலத்தான் தடுமாறுகிறார். நினைவாற்றல் பொதுவாகக் கூடவில்லை. அந்தப் பலகைக்கென்று ஒரு பார்வை கூடியிருக்கிறது.

என் அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். ஒரு நிமிட புல்லட் ஆட்டத்தில் என்னைவிட எங்கோ மேலே இருப்பவன். நான் ஆடுவதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டான். "மாமா, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க."

"அப்ப நீ யோசிக்கிறதே இல்லையாடா?"

"யோசிக்கிற மாதிரி பொசிஷன் வந்தாலே எனக்குப் பாதி தோத்த மாதிரி மாமா. எனக்குத் தெரிஞ்ச இடத்துக்கே இழுத்துட்டுப் போயிருவேன்."

சேஸும் சைமனும் பக்கம் பக்கமாக எழுதியதை அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே சொல்லிவிட்டான். அவன் கடைசிப் பத்து விநாடியைப் பார்க்க வேண்டும். எதிராளி ஆடுவதற்கு முன்பே தன் அடுத்த மூவை வைத்துவிடுகிறான், ப்ரீமூவ் என்பார்கள். அவர் ஆடிய அதே கணம் இவன் மூவ் விழும், கடிகாரத்தில் ஒரு துளியும் குறையாது. எதிராளியும் சும்மா இருப்பதில்லை. இவன் ராஜாவை எங்கே முன்வைத்திருப்பான் என்று ஊகித்து, அந்த மூவால் இவனுடைய யானை பறிபோகும்படி ஒரு மந்திரியை நகர்த்துவார். இவன் அதையும் ஊகித்து ப்ரீமூவை ரத்துசெய்வான். பலகையில் தெரிவது அர்த்தமில்லாத காய் நகர்த்தல். அடியில் இரண்டு பேர் ஒருவர் புத்திக்குள் ஒருவர் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார்கள். ரேட்டிங்கை மறைத்து வைக்க லீசெஸ்ஸில் வசதி உண்டு. கொஞ்ச நாள் அப்படி ஆடிப் பாரேன் என்றேன். "அப்புறம் எதுக்கு மாமா ஆடறது?" என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் பதினேழு வயதில் எடுபடும் பதில் இல்லை.

அண்மையில் அவனை ஒரு மாவட்டப் போட்டிக்கு அழைத்துக்கொண்டு போனேன். கல்யாண மண்டபம், வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், ஆளுக்கு ஒரு மணி நேரம். மதியம் சாப்பாட்டு வரிசையில் முகம் வாடிப்போய் வந்தான். என்னடா ஆச்சு என்றேன். தோற்றதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பையன் ஒரு மூவுக்கு ஏழு நிமிஷம் யோசிக்கிறான் மாமா. அதுவரைக்கும் நான் என்னதான் பண்றது?"